எங்களுக்கா, நமக்கா?

வழக்கை நான் சொல்கிறேன், தீர்ப்பு உங்களுடையது. அவசரப்பட்டு யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள். நான் அப்படிச் சாய்ந்து அசடு வழிந்தவன்.

கரூரில் பேருந்துக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் எழுத்து எழுதுகிறவர் அறிவுடைநம்பி. பெயரில்தான் நம்பி, மற்றபடி சாமி, பூதம் எதையும் நம்பாதவர். பெயரும் கொள்கையும் அப்பா கொடுத்தவை. குடி மட்டும் அவரே தேடிக்கொண்டது. அது முதலில் வேலையைத் தின்றது. பிறகு மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். அதற்கப்புறம்தான், ஞாயிறு மாலைகளில் ஒரு தேவாலயத்தின் பக்கத்து அறையில் கூடும் எங்கள் குழுவுக்கு வந்தார். குடியை விட நினைப்பவர்கள் நாங்கள்.

எங்கள் வழிக்குப் பன்னிரண்டு படிகள். மூன்றாவது படியிலேயே கடவுள் உட்கார்ந்திருந்தார். நம்பி எழுந்து போகப் பார்த்தார். அவரைப் பிடித்து உட்காரவைத்தவர் மெக்கானிக் பாக்கியநாதன்.

"கடவுள்னு அவங்கவங்க எதைப் புரிஞ்சுக்கறாங்களோ அதுன்னுதானுங்க போட்டிருக்குது. உங்களைவிடப் பெருசா ஏதாச்சும் ஒண்ணு இருந்தாப் போதும்" என்றார்.

நம்பி அறையைச் சுற்றிப் பார்த்தார். முப்பது பேர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தோம். தன்னால் ஒரு நாள்கூட முடியாததை இத்தனை பேர் சேர்ந்து செய்கிறார்கள். இது தன்னைவிடப் பெரிதுதான் என்று ஒப்புக்கொண்டார். இந்தக் கூட்டத்தையே பிடித்துக்கொண்டு ஒரு வருடம் ஓட்டிவிட்டார். பட்டறை வேலையும் திரும்பக் கிடைத்தது.

சிக்கல் அங்கேதான் வந்தது. ஒரு வருடம் முடித்தவர் வட்டத்தின் நடுவில் நின்று வேண்டுதலை முன்சொல்ல வேண்டும், மற்றவர்கள் கைகோத்துப் பின்சொல்வோம், அப்புறம்தான் பதக்கம் என்பது எங்கள் வழக்கம். வேண்டுதலை எழுதியவர் செயலாளர் சதாசிவம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். "கடவுளே, எங்களுக்கு இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்கத் தெம்பு கொடு." அவ்வளவுதான் அது.

"சும்மா வாய்வார்த்தையாச் சொல்லிருங்க" என்றார் பாக்கியநாதன். "தினமும் பஸ் நெத்தியில சாமி பேரு எழுதறீங்கதானே?"

"அது வண்டிக்காரருக்கு எழுதறதுங்க. இது எனக்குன்னு கேக்கறது. நான் குடிச்சதே பொய்யிலதான் ஆரம்பிச்சுது. இன்னொரு பொய் சொன்னா, எங்க போய் நிப்பேன்னு எனக்கே தெரியாது."

"அப்படீன்னா பதக்கம் இல்லைங்க, நம்பி" என்றார் ஆசிரியர். பதக்கம் பித்தளைதான். ஆனால் அதை மறுத்தால் மனிதர் படியிறங்கிவிடுவார், இறங்கினால் கால் எந்தப் பக்கம் போகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அன்றைக்கென்று புதிதாக ஒருவர் வந்திருந்தார். லாரி ஓட்டும் வேலுச்சாமி. வட்டமாகச் சேர்ந்தபோது அவர் மட்டும் வாசலோரம் ஒதுங்கினார். "நான் காலையிலகூடக் குடிச்சேனுங்க. நீங்க சொல்லுங்க, நான் நின்னு பாத்துக்கறேன்."

நம்பி நடுவில் வந்து நின்றார். ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், கடைசியாக வாசலைப் பார்த்தார். பிறகு கணீரென்று சொன்னார்: "நமக்கு இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்கத் தெம்பு வேண்டும்."

வேலுச்சாமி திகைத்தார். "என்னையும் சேத்துங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து என் கையைப் பிடித்தார்.

ஆசிரியருக்கு முகம் சிவந்துவிட்டது. "கடவுளைக் கூப்பிடவே இல்லை! போதாததுக்கு 'நமக்கு'ன்னு வேற. கேக்கறவரையும் சேத்துச் சொல்றதுதான் 'நமக்கு'. சாமியையும் குடிகாரர் பட்டியல்ல சேத்துப்புட்டீங்களே! இது வேண்டுதலே இல்லை."

"வாய்வார்த்தையாச் சொல்லியிருந்தா இத்தனை வம்பு உண்டுங்களா?" என்றார் பாக்கியநாதன்.

"நான் வேண்டித்தான் கேட்டேன்" என்றார் நம்பி. நான் ஆசிரியர் சொல்வதே சரி என்று கை தூக்கினேன்.

இப்போது சொல்லுங்கள்: இந்த மூவரில் யார் சரி? அறிவுடைநம்பிக்குப் பதக்கம் உண்டா, இல்லையா?

விடை: பதக்கம் உண்டு. பாக்கியநாதனின் யோசனை அன்பில் வந்ததுதான். ஆனால் குடியை விட வந்தவனைப் பொய் சொல்லச் சொன்னது அது. ஆசிரியரின் இலக்கணம் சரி, கணக்குத்தான் பிழை. கடவுளைப் பார்த்துக் கேட்டிருந்தால் 'எங்களுக்கு' என்பதே முறை. நம்பி கேட்டதோ அந்த வட்டத்தை. எதைத் தன்னைவிடப் பெரிதென்று ஏற்றுக்கொண்டாரோ, அதனிடமே கேட்டார். ஆகவே 'நமக்கு' என்பதுதான் பிழையற்ற தமிழ். அன்று அவர் 'எங்களுக்கு' என்று சொல்லியிருந்தால் வேலுச்சாமி வாசலிலேயே நின்றிருப்பார். ஆசிரியருக்கும் அது சற்று நேரத்தில் உறைத்தது. பதக்கத்தை நம்பியின் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பதினெட்டு வருசமா 'எங்களுக்கு, எங்களுக்கு'ன்னே சொல்லிட்டிருந்தேன். அதைக் கேட்டுட்டு வாசலோட திரும்பிப் போனவங்க எத்தனை பேரோ!"