எரிந்த கவசம் எங்கே போனது

"கவசத்தை இன்னும் தடிமனாக்கணும், மேடம்," என்றார் அருளப்பன்.

வியாழன் கோளின் காற்றுக்குள் பாயப்போகும் சிறிய கலம் அது. பாயும் வேகத்தில் அதன் எதிரே வாயு சூரியன்போல எரியும். அந்தச் சூட்டைக் கணிப்பொறியில் கணக்கிடுவது அருளப்பன் வேலை. பாதி ஆயுளைப் பாய்லர் ஆலையில் கழித்துவிட்டு, தன்னைவிட இளையவரான ஷமீமாவிடம் வேலை பழக வந்தவர்.

"போன வாரம்தானே ஏத்தினீங்க, சார்?"

"அதுவும் எரிஞ்சு ஓட்டை விழுது."

"இன்னும் ஏத்தினா, உள்ளே கருவி வைக்க எடை மிஞ்சுமா?"

"மிஞ்சாது."

"அப்போ வியாழனுக்குக் கருங்கல் எறியப்போறோம்."

அருளப்பன் சிரிக்கவில்லை. நாளைய கூட்டத்தில் இந்தக் கணக்கைப் பார்த்தால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

ஷமீமா கேட்டார்: "எரிஞ்ச கவசம் எங்கே போச்சு?"

"எரிஞ்சது போச்சு, அவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றுலயும் கணக்குலேர்ந்து வழிச்சு எடுத்துடறேன். பாய்லர்ல வருஷக்கணக்கா சாம்பல் வாரின கை மேடம் இது. தேங்க விடாது."

ஷமீமா எழுந்தார். "வாங்க, தோசை சாப்பிடலாம்."

"இப்பவா?"

கேன்டீனில் கல் காய்ந்து புகைந்தது. மாஸ்டர் மாவு எடுக்கப் போனார். ஷமீமா கையமர்த்தினார். டம்ளர் தண்ணீரில் விரல் நனைத்துக் கல்மேல் உதறினார்.

துளிகள் சுண்டவில்லை. முத்து முத்தாக உருண்டு ஓடின.

"என்னம்மா, என் கல்லுல கோலம் போடறீங்க?" என்றார் மாஸ்டர்.

அருளப்பன் குனிந்தார். மூக்கு சுடும் வரை குனிந்தார்.

துளி கல்லைத் தொடவே இல்லை. தன்னிடமிருந்து கிளம்பிய ஆவிமேல் மிதந்துகொண்டிருந்தது.

"சார், தோசை!"

அருளப்பன் படியிறங்கி ஓடிக்கொண்டிருந்தார்.

வழித்தெறிந்ததை எல்லாம் திரும்பக் கணக்கில் வைத்தார். கவசத்தின் வெந்த கரி ஆவியாகி அதன் முன்னாலேயே திரை கட்டியது. எதிரே எரியும் வாயுவிலிருந்து வந்த சுடும் ஒளியில் பெரும்பங்கை அதுவே விழுங்கியது. பழைய கவசத்தில் பாதியே போதும் என்றது கணக்கு. கூட்டம் நம்பவில்லை. சோதனைச் சுடரில் காட்டிச் சுட்டுப் பார்த்தது. கவசம் நின்றது.

கருவிகள் உள்ளே ஏறின.

வருஷங்கள் கழித்து ஒருநாள், கலம் வியாழனுக்குள் பாய்ந்தது. தீ சூழ்ந்ததும் அதன் குரல் அறுந்தது.

கட்டுப்பாட்டு அறையில் ஒருவரும் உட்காரவில்லை.

அப்புறம், ஒலிபெருக்கியில் கீச்சென்று ஒரு சத்தம். இன்னொன்று. மேகங்களுக்கு அடியிலிருந்து கருவிகள் ஒவ்வொன்றாகப் பேசத் தொடங்கின; கவசத்தின் கனத்தை அளந்த கருவியும் பேசியது.

அறையே எழும்பிக் குதித்தது. நரைத்த தலையோடு அருளப்பன் மேசைமேல் ஏறி நின்றார்.

"பொழைச்சிடுச்சு மேடம்!"

"கவசம் எவ்வளவு மிச்சம், சார்?"

"ஊத்தப்பம் கனம்!"

"மீதி எங்கே போச்சு?"

அருளப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எங்கேயும் போகலை, மேடம். முன்னாடிதான் நின்னுது."