நாற்பது எட்டுத் தூரத்தில் ஆவுளியா

விடையை முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். இந்தக் கதையை மூன்று ஊரில் சொல்லி, மூன்று ஊரிலும் சண்டை மூட்டிவிட்டு வந்தவன் நான்.

பாக் நீரிணையின் ஓரத்தில் ஒரு கரை. அங்கே பிரகாசி என்றொருத்தி இருந்தாள். கடல்வாழ் உயிர்களைக் காப்பது பற்றிப் பள்ளிக்கூடங்களிலும் மீனவர் கூட்டங்களிலும் வகுப்பெடுப்பது அவள் வேலை. முக்கியமாக ஆவுளியாவைப் பற்றி. புத்தகங்கள் கடல்பசு என்று சொல்கிற அதே பிராணிதான்; கடலடியில் புல் மேயும், குட்டிக்குப் பால் கொடுக்கும், சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு விடும். பழைய சேலைகளைத் தைத்து, உள்ளே கிழிந்த வலைகளை அடைத்து, எட்டடி நீளத்தில் ஒரு ஆவுளியா செய்து வைத்திருந்தாள். அதை இரண்டாக மடித்து ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பதினான்கு வருஷமாக ஊர் ஊராகப் போய்வந்தாள்.

ஆனால் உயிருள்ள ஆவுளியா ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. எந்த வகுப்பிலும் ஏதாவதொரு வாண்டு எழுந்து, "நீங்க பாத்திருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டுவிடும். இல்லை என்பாள். பொய் சொல்லத் தெரியாத ஜென்மம். தண்ணீர் வற்றும் நாட்களில் முழங்காலளவு கடலில் நடந்துபோய், புல்லுக்கு நடுவே அது மேய்ந்த தடத்தைப் பார்ப்பாள். வழித்துவிட்டாற்போல நீளமாக ஒரு கோடு. அந்தக் கோடு முடிகிற இடத்தில் வெயில் ஏறும்வரை நிற்பாள். அந்த ஏக்கம் ஊருக்கே தெரியும்.

இன்னாசிக்கும் தெரியும். அவன் கரைவலைச் சம்மாட்டி, அதாவது கரையில் நின்று பலர் கயிறு பிடித்து இழுக்கும் வலைக்குச் சொந்தக்காரன். மாதா கோயில் கொடிமரத்தடியில் நடந்த கூட்டத்தில், தன் வலையில் ஆவுளியா பட்டால் அக்காவுக்குக் காட்டாமல் விடமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தான். அதே கூட்டத்தில், பட்டால் அந்த நிமிஷமே விட்டுவிடுவோம் என்று ஊரோடு சேர்ந்தும் கை தூக்கினான். இரண்டு வாக்கும் ஒன்றையொன்று முட்டும் என்று அன்று எவருக்கும் தோன்றவில்லை. பிரகாசிக்கும்தான்.

அன்று பிரகாசியின் பேச்சுக்குப் பாதியில் டீ வந்ததும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். இன்னாசியின் வலையில் கயிறு இழுக்கும் கபிரியேல் மட்டும் உட்கார்ந்து மிச்சத்தையும் கேட்டான். பிடித்து வைத்தால், மூச்சு விட முடிந்தாலும் பயத்திலேயே அது செத்துப்போகலாம், விட்ட பிறகுகூடச் சாகலாம் என்று சொன்னாள் அவள்.

அந்தக் கரையில் ஒரு கட்டு உண்டு. சம்மாட்டி சொல்லாமல் வலையில் யாரும் கத்தி வைக்கக் கூடாது. வைத்தவனை மறுநாள் முதல் கயிறு இழுக்கக் கூப்பிட மாட்டார்கள்.

ஒரு நாள் காலை. பிரகாசி பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். போன் அடிக்கிறது, இன்னாசி.

"அக்கா, ஆவுளியா. வலை மடிக்குள்ள இருக்கு. தலையத் தாங்கிப் புடிச்சிருக்கோம், மூச்சு விடுது. வந்துருவீகளா?"

அவள் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். அவள் சொன்னது இதுதான்: "புடிச்சிருங்க தம்பி, இந்தா வந்துட்டேன்."

ஊருக்குத்தான் உபதேசம் என்று சிரிக்காதீர்கள். பதினான்கு வருஷம்.

வந்துசேரப் பன்னிரண்டு நிமிஷம் ஆனது. அதற்குள் கபிரியேல் இரண்டு தடவை அறுத்துவிடலாம் என்றான். அக்கா வரட்டும் என்றான் இன்னாசி. ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு அவள் மணலில் ஓடினாள். கரையோரத் தண்ணீரில் முப்பது பேர் சுற்றி நிற்கிறார்கள், முதுகுகள் மட்டும் தெரிகின்றன. பல கைகளில் போன். இன்னும் நாற்பது எட்டு வைத்தால் போதும். அப்போது கூட்டத்தில் ஒருவன், "கொஞ்சம் திருப்பிப் புடி மாப்ள, மூஞ்சி போட்டோல விழல" என்றான். யாரோ திருப்பிப் பிடித்தார்கள்.

பிரகாசி நின்றுவிட்டாள்.

"அறுத்து விடுங்க தம்பி" என்று அங்கிருந்தே சொன்னாள்.

இன்னாசிக்கு விளங்கவில்லை. "இம்புட்டுத் தூரம் வந்துட்டு என்னக்கா? ஒரு எட்டு வந்து பாத்துருங்க. பெறகு விட்டுருவோம்."

அவள் வரவில்லை. அவன் அறுக்கவுமில்லை, வாக்கை நிறைவேற்றாமல் அவனுக்குக் கை எழவில்லை. கபிரியேல் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு வலையில் கத்தி வைத்தான். பெருமூச்சு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. தண்ணீர் கலங்கி, பிறகு தெளிந்தது. முப்பது முதுகுகளுக்கு அப்பால் அது போய்விட்டது. மறுநாள் முதல் கபிரியேலைக் கயிற்றுக்குக் கூப்பிடவில்லை.

கொடுத்த வாக்குக்காகக் காத்திருந்தவன் இன்னாசி. கட்டை மீறி அறுத்தவன் கபிரியேல். கைக்கு எட்டியதை வாய்க்கு எட்டாமல் தானே தட்டிவிட்டவள் பிரகாசி. பன்னிரண்டு நிமிஷம் காக்கவைத்தவளுக்கு நாற்பது எட்டு அப்படியென்ன பெரிசு? சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

விடை: இன்னாசி பாதிப் பாடம் கேட்டவன், அவன் அன்பில் குறையில்லை, ஆனால் அந்த அன்பை அவன் அக்காவிடம் காட்டினான், ஆவுளியாவிடம் காட்டவில்லை. போனில் பிரகாசி செய்தது தப்பு, அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் மணலில் அவள் நின்றது சரி. போய்ப் பார்த்திருந்தால், டீச்சரே பார்த்துவிட்டுத்தான் விட்டாள் என்று முப்பது பேர் கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். அடுத்து மாட்டுவது ஊர் முழுக்கப் பார்த்து முடிக்கும்வரை வலையில் கிடந்திருக்கும். கபிரியேலும் சரிதான். ஆனால் அவன் இழந்த கயிற்று வேலையை இன்னாசியே அந்த மாதக் கடைசியில் வீடு தேடிப் போய்த் திருப்பிக் கொடுத்தான். பிரகாசி இழந்ததைக் கொடுக்க யாராலும் முடியாது. அவளுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. இன்னும் பார்க்கவில்லை.