ராஜகுரு வீட்டுக்குள் புகுந்த தெய்வக் கோடு

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. பெயர் வேண்டாம். சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் என்னை அடிக்க வருவார்கள். சொல்லாவிட்டால் கேட்கிற ஒவ்வொருவரும் தங்கள் ஊர்தான் என்பார்கள், எனக்கு அதுவே போதும்.

அந்தத் தலைநகரைப் பகுதி பகுதியாகப் பிரித்திருந்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் குடும்பத்துக்கு ஓர் ஓலை. பிடித்தவர் பெயரை எழுதிக் குடத்தில் போட வேண்டும். அதிக ஓலை யாருக்கோ அவர் சபையில் உட்காருவார். பெரிய ஏரித் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தச் சபைதான்.

வாய்க்காலின் கடைசியில் இருந்தவர்களைக் கடைமடைக்காரர்கள் என்பார்கள். அவர்கள் எல்லோரும் ஒரே பகுதியாக இருந்ததால் காத்தவராயன் என்பவனைச் சபைக்கு அனுப்ப முடிந்தது. அவன் அங்கே தொண்டை கிழியக் கத்தித்தான் அவர்கள் வயலுக்கு முறைத் தண்ணீர் வந்து கொண்டிருந்தது. மேட்டுத் தெருப் பெரிய மனிதர்களுக்கு அது பொறுக்கவில்லை. பொறுக்குமா? தங்கள் கரும்புக்குப் பாய வேண்டிய தண்ணீரை இவர்கள் நெல் குடிக்கிறதே என்று வயிறு எரிந்தார்கள்.

ஒரு நாள் மன்னருக்கு ஓர் ஆசை வந்தது. ஓலை போடும் நாள் நெருங்கும் போதெல்லாம் எல்லைத் தகராறு கேட்டு அவருக்குக் காது புளித்துவிட்டதாம்.

“இந்த முறை யாரும் வாய் திறக்க முடியாத எல்லை எனக்கு வேண்டும். யார் வகுத்துத் தருவீர்கள்?” என்று சபையில் கேட்டார்.

ராஜகுரு நீலகண்டர் எழுந்தார். மேட்டுத் தெருவில் பாதி அவருடைய சொந்தக்காரர்கள்.

“மன்னர் பெருமானே, ஓலை போடுவது மனிதர் காரியம். ஆனால் மண் இறைவனுடையது. அதைக் கூறு போட மனிதருக்கு என்ன உரிமை? சுவாமியின் பல்லக்கு போகிற வழியே எல்லையாகட்டும். அதைக் கேள்வி கேட்பவன் இறைவனையே கேள்வி கேட்டவன் ஆவான்.”

விகடகவி தொப்பளான் ஓரமாக உட்கார்ந்திருந்தான். “எல்லையைத் தெய்வம் வகுக்குமானால், ஓலையையும் தெய்வமே போட்டுவிட்டுப் போகட்டுமே, குருவே. எங்களுக்கு எதற்கு வீண் சிரமம்?” என்றான்.

“நாத்திகம் பேசாதே” என்று ராஜகுரு சீறினார். தொப்பளானைக் கண்டாலே ஆகாத அதிகாரிகள் அவனை முறைத்தார்கள்.

மறுநாள் பல்லக்கு புறப்பட்டது. ராஜகுரு முன்னால் நடக்க, அவருடைய கைத்தடி திரும்பிய பக்கமெல்லாம் பல்லக்கும் திரும்பியது. பின்னால் ஓர் ஆள் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டே வந்தான். அடடா, எப்பேர்ப்பட்ட தெய்வம் அது! நேர்த் தெருவை விட்டுச் சந்துக்குள் நுழைந்தது. மாட்டுக் கொட்டகையில் புகுந்து கொல்லை வழியாக வெளியே வந்தது. கடைமடையைத் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டையும் மேட்டுத் தெருவின் ஒரு பக்கத்தோடு ஒட்டியது. இனி எந்தக் குடத்திலும் அவர்கள் ஓலை ஜெயிக்காது. அதோடு நின்றதா? இப்படி ஒட்டியதில் இரண்டாவது பகுதியில் மேட்டுத் தெரு ஓலை கொஞ்சம் குறைந்தது. கோடு ராஜகுருவின் வீட்டு வாசலில் ஏறிக் கூடத்துக்கும் சமையற்கட்டுக்கும் நடுவே ஓடியது. கூடத்தில் படுப்பவர்கள் ஒரு பகுதி, சமையற்கட்டுப் பக்கம் படுப்பவர்கள் இன்னொரு பகுதி என்று ஆகி, ஒரே குடும்பத்துக்கு இரண்டு ஓலை கிடைத்தது. வெட்கம் என்று ஒன்று இருந்தால் இப்படிச் செய்வார்களா?

இனிக் கேட்க ஆளில்லை என்ற தைரியத்தில் ராஜகுருவின் ஆட்கள் அன்றைக்கே கடைமடைக்குத் தண்ணீர் விடும் மடையை இழுத்து மூடிவிட்டார்கள். நெல் கதிர் விடுகிற நேரம். காத்தவராயன் அரண்மனைக்கு ஓடிவந்தான்.

“சாமி, எங்க சனத்த கூறு கூறா வெட்டிப் போட்டாங்க. தண்ணி நின்னு போச்சு. பத்து நாள் போனா பயிரு பதராப் போயிடும். இந்தக் கோட்ட அழிச்சுடச் சொல்லுங்க.”

ராஜகுரு அவனைப் பேசவே விடவில்லை. “மன்னா, இவன் தெய்வம் நடந்த தடத்தைத் தாண்டி வந்திருக்கிறான். சுவாமி விளக்கை நாம் தாண்டுவோமா? சாத்திய மாலையைத் தாண்டுவோமா? தாண்டியவன் காலை வெட்ட வேண்டும்.”

மன்னர் பயந்துவிட்டார். தெய்வம் என்றால் அவருக்குப் பயம். தெய்வத்தின் பெயரைச் சொல்கிறவர்களிடம் அதைவிடப் பயம். “இவன் அறியாமல் செய்தான், இந்த ஒரு முறை போகட்டும். நாளை முதல் கோட்டைத் தாண்டுபவன் கால் போகும்” என்று ஆணையிட்டார்.

“எல்லோருக்குமா, மன்னா?” என்று தொப்பளான் கேட்டான்.

“எனக்கும் சேர்த்துத்தான்.”

“அப்படியானால் கோட்டுக்கு இந்த விகடகவியையே காவல் வையுங்கள்” என்று அதிகாரிகள் இளித்தார்கள். “எவனாவது தாண்டி இவன் சும்மா விட்டால், இவன் தலையை எடுங்கள்.” தன் வாயாலேயே கடைமடை ஏழைகளை அவன் விரட்டட்டும் என்பது அவர்கள் எண்ணம்.

தொப்பளான் வாளை வாங்கிக்கொண்டான். அவன் சிரிக்கவில்லை.

மறுநாள் ராஜகுரு வீட்டில் மன்னருக்கு விருந்து. மன்னரும் பரிவாரமும் கூடத்தில் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். உள்ளேயிருந்து நெய் வாசனை வந்தது. பரிசாரகர் சாதத் தட்டோடு சமையற்கட்டு வாசலுக்கு வந்தார். அங்கே தொப்பளான் உருவிய வாளோடு நின்றான்.

“நில்லும் ஐயா. கோடு இருக்கிறது. கால் வேண்டுமா, வேண்டாமா?”

பரிசாரகர் தட்டோடு உள்ளே ஓடிவிட்டார்.

மன்னர் காத்திருந்தார். இலை காய்ந்தது. “என்ன தாமதம்?” என்றார்.

“தெய்வம் குறுக்கே படுத்திருக்கிறது, மன்னா. ராஜகுருவின் வீடாயிற்றே என்று சந்தேகப்பட்டுச் சுற்றியும் போய்ப் பார்த்தேன். கொல்லைப் பக்கமும் கோடுதான்.”

ராஜகுரு எழுந்து வந்தார். “இது என் வீடு. வீட்டுக்குள் அந்த விதி செல்லாது. விலகு.”

“செல்லாதா? அப்படியானால் கோடும் செல்லாது. சமையற்கட்டுப் பக்கம் படுப்பவர்களுக்கு அந்தப் பகுதியில் ஓலை கிடையாது. மன்னர் முன்னால் சொல்லிவிடுங்கள், விலகிவிடுகிறேன்.”

“ஓலை உண்டு!”

“அப்படியானால் கோடு உண்டு. கோடு உண்டென்றால் கால் போகும். காத்தவராயனுக்கு வயல் அந்தப் பக்கம், நீங்கள் அவனைத் தாண்டக் கூடாது என்றீர்கள். உங்களுக்குச் சோறு அந்தப் பக்கம், அவ்வளவுதானே குருவே? ஒரு வேளைச் சோறு. அவனுக்கு வருஷச் சோறு.”

வெயில் ஏறிவிட்டது. மன்னரின் வயிறு இரைந்தது எல்லோருக்கும் கேட்டது. ராஜகுருவுக்குப் பசியும் அவமானமும் சேர்ந்து தலைக்கேறின.

“மடப்பயலே, நான் போட்ட கோட்டை நான் தாண்ட உன்னைக் கேட்க வேண்டுமா?” என்று கத்தியபடி காலைத் தூக்கிக் கோட்டுக்கு அப்பால் வைத்தார்.

தொப்பளான் வாளை உறையில் போட்டான்.

“கால் வேண்டாம், மன்னா. யார் போட்ட கோடு என்று குருவின் வாயாலேயே தெரிந்துவிட்டது. மனிதர் போட்ட கோட்டைத் தாண்டினால் குற்றமில்லை.”

மன்னர் ஒரு கணம் திகைத்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

“நீங்கள் சிரியுங்கள், மன்னா” என்றான் தொப்பளான். “எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாமி பெயரைச் சொல்லி ஏழை வாயில் மண்ணைப் போட்டார்கள். உங்கள் இலையில் சோறு விழத் தாமதமான பிறகுதான் உங்களுக்கு அது தெரிந்தது. மாலை வேண்டாம். ஊரார் எல்லோரும் கூடிப் பழைய எல்லையைத் திரும்ப வகுக்கட்டும். இந்தக் கோட்டை ராஜகுருவே தன் கையால் அழிக்கட்டும்.”

மன்னர் சிரிப்பை நிறுத்தினார். மாலையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே ஆணையிட்டார்.

ராஜகுரு துடைப்பத்தை எடுத்துக்கொண்டு தெருத் தெருவாக அழித்துக்கொண்டு போனார். அதிகாரிகள் கோட்டைக் கழுவத் தண்ணீர்க் குடம் சுமந்தார்கள். மாலையில் கடைமடைக்கு வந்து சேர்ந்தபோது குடங்களில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அங்கே கோடு கல்லில் காய்ந்து இறுகியிருந்தது, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

“கொஞ்சம் தண்ணீர் கொண்டு வா, அப்பா” என்றார் ராஜகுரு.

காத்தவராயன் வற்றிக் கிடந்த வாய்க்காலைக் காட்டினான்.

“தண்ணிக்கு நாங்க எங்க போறது, சாமி? நீங்கதான மடைய மூடுனீங்க. போய்த் தொறந்து வுட்டுட்டு வாங்க. வர்ற தண்ணில மொதல்ல வயலு நனையட்டும், மிச்சத்துல கோட்ட கழுவலாம்.”

ராஜகுரு துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரைக்கு நடந்தார்.