கப்பல் விட்டுச் சென்ற இரண்டு பைகள்

"பதினொரு பேரும் செத்துட்டாங்க, டாக்டரம்மா," என்றார் தணிகாசலம்.

குதிரைப் பண்ணையின் மருத்துவர் எஸ்தர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். "யாரு?"

"எங்க பழைய சங்கத்துத் தோழர்கள். மூச்சு விடுறாங்க, சாப்பிடுறாங்க, டிவி பார்க்கிறாங்க. அவ்வளவுதான். மூடின மில்லு முன்னாடி ஒரு கூட்டம் போடலாம்னு ஞாயித்துக்கிழமை நோட்டீஸ் கொண்டுபோய்க் குடுத்தேன். ஒருத்தர் முகத்துலயும் அசைவில்லை."

"ஒரே நாள்ல பதினொரு வீடா?"

"ஒரே மத்தியானத்துல."

"எங்கயாவது உட்கார்ந்தீங்களா?"

"உட்காரவா போனேன்?"

எஸ்தர் கை கழுவினார்.

தணிகாசலத்துக்கு அறுபத்து மூன்று வயது. நாற்பது ஆண்டுகள் மில் வாசலில் பேசியவர். மூன்று முறை சிறை போனவர். மில்லை மூடிய பிறகு அவர் பேச்சைக் கேட்க இந்தக் குதிரைகள்தாம் மிஞ்சின. ஆய்வுக்கூடத்தின் பின்னறையில் அவருக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர், மணியடிக்காத ஒரு செல்போன். டைரியில் அந்தப் பதினொரு பெயர்களையும் ஞாயிறு மாலையே அடித்துவிட்டார்.

நான்கு மாதமாக எஸ்தரிடம் வேலை கற்கிறார். எஸ்தருக்கு முப்பத்தைந்து வயது. தன்னைவிடச் சின்னவரிடம் கற்பதில் தணிகாசலத்துக்கு வெட்கமில்லை. முதலாளியிடம் கற்றிருந்தால்தான் வெட்கப்பட்டிருப்பார்.

காவலாளி ஒரு குளிர்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். பஸ்ஸில் வந்தது.

கப்பல் என்ற பொலிகுதிரையின் விந்து அதில் இருந்தது. நேற்றுக் காலை அடுத்த மாவட்டத்தில் எடுத்தது. பால் கலந்த கரைசலில் விட்டு, மெல்ல மெல்லக் குளிரவைத்து, ஐந்து டிகிரியில் அனுப்பியிருந்தார்கள். நேற்று மாலை குடல் முறுக்கிக் கப்பல் இறந்துபோனது. அதன் வழியில் இதுவரை ஒரு குட்டிகூட இல்லை.

பெட்டிக்குள் இரண்டு சிறிய பைகள். கப்பலில் மிச்சம் இருந்தது அவ்வளவே.

"தாழம்பூ சரியான பருவத்துல நிக்கிறா. நான் அவளைப் பார்த்துட்டு வரேன்," என்றார் எஸ்தர். "நீங்க ஒரு சொட்டு எடுத்து, உயிர் இருக்கான்னு பாருங்க. முறை அந்தத் தாள்ல இருக்கு."

அவர் அந்தப் பெண்குதிரை நின்ற லாயத்துக்குப் போனார்.

தணிகாசலம் ஒரு சொட்டை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். தலையும் வாலுமாக ஆயிரக்கணக்கில் அசையாமல் கிடந்தன. வேலைநிறுத்தம் முறிந்த மறுநாள் தொழிலாளர்கள் போலக் கிடந்தன.

இன்னொரு சொட்டு எடுத்தார். அதுவும் அப்படியே.

"நீங்களுமா," என்றார்.

தாளின் கடைசி வரியைப் பார்த்தார். அசைவு இல்லையென்றால் கொட்டிவிட வேண்டும். முதல் பையைத் தொட்டியில் கொட்டினார். இரண்டாவது பையை வெட்டக் கத்தரிக்கோலை எடுத்தபோது எஸ்தர் உள்ளே வந்தார்.

"என்ன பண்றீங்க?"

"எல்லாம் செத்துப்போச்சு, டாக்டரம்மா."

"சொட்டைப் பெட்டியிலேருந்து எடுத்தீங்க. எடுத்ததும் பார்த்தீங்க."

"ஆமா."

எஸ்தர் தொட்டியைப் பார்த்தார். வெள்ளையாகக் கொஞ்சம் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. கப்பல் பிறக்கும்போது அதன் முன்கால்களைப் பிடித்து இழுத்தவர் அவர். அது வடிந்து முடியும்வரை நின்றார்.

"நாலு பக்கத் தாள் குடுத்திருந்தேன். படிச்சீங்களா?"

"முதல் வரியும் கடைசி வரியும். நடுவுல இருக்கிறதெல்லாம் இடம் நிரப்புறது. நோட்டீஸ் எழுதினவனுக்குத் தெரியாதா?"

"மூணாம் பக்கம் நான் எழுதினது. இடம் நிரப்ப எழுதலை."

மீந்த பையிலிருந்து ஒரு துளியைச் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்தார். அதைத் தணிகாசலத்தின் வலது உள்ளங்கையில் வைத்தார். இடது உள்ளங்கையில் ஒரு கண்ணாடித் தகட்டை வைத்தார்.

"மூடுங்க."

"இதைச் சூடாக்கத்தான் சூட்டுத்தட்டு இருக்கே."

"இருக்கு. மூடுங்க. நாப்பது வருஷம் மேல தூக்கின கைதானே. கொஞ்ச நேரம் மடியில இருக்கட்டும்."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம்."

"பேசலாமா?"

"வேண்டாம்."

அவர் உட்கார்ந்தார். இரண்டு கைகளும் மூடியிருந்தன. எதையும் எடுக்க முடியவில்லை. எதையும் வீச முடியவில்லை. லாயத்தில் தாழம்பூ குளம்பால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தது.

குழாயின் குளிர் கைக்குள் ஏறியது. பிறகு குறைந்தது. பிறகு எது குழாய், எது கை என்று அவருக்குத் தெரியவில்லை.

எஸ்தர் துளியைத் தகட்டில் வைத்தார். "பாருங்க."

ஒன்று நடுங்கியது.

அதன் பக்கத்தில் இன்னொன்று.

அப்புறம் எண்ண முடியவில்லை.

தணிகாசலம் வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"கொட்டினதுலயும்..."

"ஆமா."

பையை எடுத்துக்கொண்டு இருவரும் லாயத்துக்கு நடந்தார்கள்.

"பை முழுசையும் சூடாக்க வேண்டாமா?" என்று தணிகாசலம் கேட்டார்.

"வேண்டாம். உள்ளே போனா அவ உடம்பே பார்த்துக்கும். நாம பார்க்கிற சொட்டுக்குத்தான் அது வேணும்."

தணிகாசலம் தாழம்பூவின் வாலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் தன் வேலையை முடித்தார். குதிரை ஒருமுறை பெருமூச்சு விட்டது.

குழாயடியில் கை கழுவும்போது அவர் சொன்னார், "ஞாயித்துக்கிழமை எனக்கு லீவு வேணும், டாக்டரம்மா."

"எத்தனை வீடு?"

தணிகாசலம் தண்ணீரை நிறுத்தினார்.

"ஒண்ணு."