சான்று எண் இல்லாதவர்கள்

“டேட்டாபேஸ்ங்கிறது ஒரு குடோன், இசக்கி. குடோனுக்கு எதுக்குப் புத்தி?” என்று கேட்டான் தயாபரன்.

இசக்கி டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

ஊரின் மின்மயானத்துக்கு நேரம் பதிவு செய்யும் மென்பொருளை அவன் எழுதியிருந்தான். பதிவாகும் பெயர்கள் போய்த் தங்கும் தரவுத்தளம் அவள் பொறுப்பில் இருந்தது. அவனைவிட இரண்டு வயது சின்னவள். ஆனாலும் அந்த அலுவலகத்தில் யாருக்கு எங்கே சிக்கினாலும் அவள் மேஜைக்குத்தான் வருவார்கள்.

“சான்று எண் இல்லாம யாருக்கும் நேரம் தரக் கூடாது. அவ்வளவுதானே விதி?” என்றான். “செத்துட்டாங்கன்னு டாக்டர் எழுதிக் குடுத்தாத்தான் அந்த எண்ணே வரும். அது இல்லாம என் திரையில பொத்தான் அமுங்காது. அதையே உங்க தரவுத்தளத்துலயும் எழுதணும்னா, எதுக்கு ரெண்டு காவல்?”

“பேரு உள்ள வர்ற கதவு எத்தனை?”

“ஒண்ணுதான். என் திரை.”

“நல்லாப் பாத்தீங்களா?”

“நான் கட்டின வீடு. எனக்குத் தெரியாதா?”

அவள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். நாலாகப் பத்து நிமிடம் இருந்தது.

“டீ குடிக்கிறீங்களா?”

அவனுடைய போன் அடித்தது.

“சார், மின்மயானத்துலேர்ந்து வேலாயுதம் பேசுறேன். உடம்பு இன்னும் வரலையே.”

“எந்த உடம்பு?”

“மூணு மணிக்குப் போட்டிருக்கே சார். தயாபரன். அப்பா பேரு சுந்தரேசன். வயசு இருபத்தொன்பது. வீட்டு போன் நம்பர்னு இதுதான் இருக்கு. நீங்க அவருக்கு என்ன வேணும்?”

அவன் எழுந்து நின்றான்.

“துக்கத்துல இருப்பீங்க, புரியுது. ஆனா சூடேத்தியாச்சு சார். வெறுமன வச்சிருக்க முடியாது.”

குரலுக்குப் பின்னால் ஏதோ ஒன்று ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

“வரலைன்னா?” என்று கேட்டான்.

“நாலு மணியானா, எரிச்சாச்சுன்னு கம்ப்யூட்டரே போட்டுக்கும் சார். பேரு நேரா இறப்புப் பதிவுக்குப் போயிடும். அப்புறம் ரேஷன் கார்டு, ஓட்டு, எல்லாத்துலயும் அடிச்சிருவாங்க.”

அது அவனுக்குத் தெரியும். அப்படித்தான் எழுதியிருந்தான்.

போனைக் காதிலிருந்து எடுக்காமலே தன் திரையைத் திறந்தான். பதிவு இருந்தது. ‘ரத்து’ என்பதை அழுத்தினான்.

திரை கேட்டது: ரத்து செய்ய, சான்று எண்ணைக் கொடுக்கவும்.

அதுவும் அவன் எழுதிய வாக்கியம்தான்.

“நீங்கதானே செஞ்சது, இசக்கி? எனக்குப் பாடம் எடுக்கத்தானே இந்த வேலை?”

“உங்க பேரை நான் தொடல.”

“சத்தியமா?”

“கையில சுடுற டீ இருக்கு. அடிச்சுச் சத்தியம் பண்ண முடியாது.”

“சார்,” என்றார் வேலாயுதம். “இன்னொண்ணு. மரணக் காரணம்ங்கிற இடத்துல ‘சும்மா’ன்னு போட்டிருக்கு. அது என்ன வியாதி?”

தயாபரன் நாற்காலியில் உட்கார்ந்தான். ‘சும்மா’ என்று போட்டது அவனேதான்.

திரையைப் பாதி கட்டியிருந்த நாள் அது. ஒரு பெயர் வந்தால் பார்க்க எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரிய வேண்டியிருந்தது. சான்று எண் இல்லாமல் அவன் கட்டிய திரை அவனையே உள்ளே விடவில்லை. அதனால் திரையைத் தவிர்த்துப் பின்வழியாகப் போய், தரவுத்தளத்திலேயே நேராகத் தன் பெயரை எழுதிவைத்தான். தொலைவில் ஏதோ ஒரு தேதி. பார்த்துவிட்டு அழித்துவிடலாம் என்று நினைத்தான். அதற்குள் யாரோ சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அந்தத் தேதி வந்துவிட்டது.

“அழிச்சிருங்க, இசக்கி. சீக்கிரம்.”

அவள் கீபோர்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“நான் எதுக்கு? உங்களுக்குத்தான் வழி தெரியுமே.”

அவன் அதே வழியில் போனான். ஒரே ஒரு வரி. யார் நீ என்று அங்கே யாரும் கேட்கவில்லை. எண் கேட்கவில்லை. செத்தபோது எவ்வளவு சுலபமாக இருந்ததோ, பிழைப்பதும் அவ்வளவு சுலபமாக இருந்தது.

“சார்? இப்ப அந்தப் பேரையே காணோமே. உடம்பு எங்க போச்சு?”

“வராது அண்ணே.”

“வராதா?” என்றார் வேலாயுதம். “சரி, அடுத்தவங்களைக் கூப்பிடுறேன்.”

போன் அடங்கியது.

அவனாகவே கீபோர்டை இழுத்துக்கொண்டு, பெயர்கள் தங்கும் இடத்திலேயே அந்த விதியை எழுதினான். சான்று எண் இல்லாத எதுவும் இங்கே இருக்கக் கூடாது. எழுதி அழுத்தினான்.

தரவுத்தளம் மறுத்தது.

அவன் மறுபடி அழுத்தினான். மறுபடி மறுத்தது.

“ஏன் எடுக்க மாட்டேங்குது?”

“விதிக்குப் பொருந்தாதவங்க உள்ள இருந்தா எடுக்காது.”

“என்னைத்தான் அழிச்சாச்சே.”

“அப்ப, நீங்க இல்ல. வேற யாரோ.”

அவன் தேடினான்.

செண்பகவல்லி. வயது முப்பத்தொன்று. நாளை காலை ஒன்பதரை. சான்று எண் இல்லை. மரணக் காரணம் என்ற இடத்தில் ஒரு புள்ளி மட்டும்.

“இது நான் போட்டதில்ல,” என்றான்.

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெயருக்குப் பக்கத்தில் ஒரு நம்பர் இருந்தது. அழைத்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கக் கூடாது என்று ஒரு கணமும், எடுத்துவிட வேண்டும் என்று மறுகணமும் அவனுக்குத் தோன்றியது.

குக்கர் விசில் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

“ஹலோ, செண்பகம்தான். யாரு?”

அவன் திரையில் இருந்த அந்தப் பெயரைப் பார்த்தான்.

“யாருங்க அது? பேசுங்களேன்.” பக்கத்தில் ஒரு குழந்தை எதற்கோ சிரித்தது.

அவன் போனைக் கையால் பொத்தினான்.

“உயிரோட இருக்காங்க, இசக்கி. இவங்களை யாரு உள்ள விட்டது?”

ஆறிப்போன டீயை அவள் ஒரு மடக்கில் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

“கதவு ஒண்ணுதான்னு சொன்னீங்களே, தயாபரன்?”