பின்வாங்காத ராஜாவின் மின்சாரக் கார்

மருதங்கோட்டையை ஆண்ட கோடைமாறன் புதிதாக ஒரு மின்சாரக் கார் வாங்கினார். ராஜா கதையில் கார் ஏது என்று கேட்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம்.

காரை அவரே ஓட்டுவார். அரண்மனைக் கொட்டகையின் பின்சுவரில் பழைய காருக்கு வைத்த சார்ஜர் அப்படியே இருந்தது. பழைய காருக்கு ஒயர் செருகும் இடம் மூக்கில். புதுக் காருக்கோ வால் பக்கம். ராஜா மூக்கை நீட்டிக்கொண்டு உள்ளே நுழைவார். ஒயர் எட்டாது.

"ஒயரை ஒட்டுப்போட்டு நீட்டினால் தீப்பிடிக்கும் மகாராஜா. ரிவர்ஸில் வந்து நிறுத்தினால் போதும்" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ரிவர்ஸா? முன்வைத்த காலைப் பின்வைக்காத பரம்பரை நாங்கள்!" ராஜா மீசையை முறுக்கினார்.

மந்திரி திருமேனிநாதருக்கு இது போதாதா? அரண்மனை யானை ஒருமுறை அவர் தலைப்பாகையைத் தின்றுவிட்டது. அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

"கார் கொட்டகை வாசலருகே இருக்கும் யானைக் கொட்டிலை இடித்துவிட்டு அங்கே புது சார்ஜர் வைப்போம். கிழட்டு யானையைக் காட்டுக்கு விரட்டிவிடலாம்."

"சரி" என்றார் ராஜா.

பாகன் உலகப்பன் அழுதேவிட்டான். "பல்லுப் போன ஆனை சாமி. காட்டுல எதைத் திங்கும்?"

அவை விகடகவி அம்பலத்தாடிக்கு மனசு கேட்கவில்லை. எழுந்தார்.

"மன்னா, கொட்டகைக்கு ஒரே வாசல். சாயங்காலம் மூக்கை நீட்டி உள்ளே போகிறீர்கள். காலையில் எப்படி வெளியே வருகிறீர்கள்?"

ராஜாவின் கை மீசையிலிருந்து இறங்கியது.

"தினமும் ஊர் பார்க்கப் பின்வாங்கித்தான் வருகிறீர்கள். சாயங்காலமே ரிவர்ஸில் நிறுத்திவிட்டால் ஒயரும் எட்டும், காலையில் சிங்கம்போலப் புறப்படலாம்."

மந்திரி விடுவாரா? "எப்படியும் ஒருதடவை பின்வாங்கத்தானே வேண்டும்! பின்சுவரையும் இடித்து இன்னொரு வாசல் வைப்போம்!"

"பேஷ்!" என்றார் அம்பலத்தாடி. "அந்தப் பக்கம் மகாராணியின் சமையலறை. இடிக்கப்போகிறோம் என்று நீங்களே போய் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்."

மந்திரி இரண்டடி பின்னால் நகர்ந்தார். அவருக்கு முன்பே ராஜா நகர்ந்திருந்தார்.

"பார்த்தீர்களா மன்னா? வெளியே போகும்போது முன்னேறுங்கள். வீட்டுக்கு வரும்போது பின்வாங்குங்கள். கல்யாணமான வீரர்கள் எல்லோரும் அப்படித்தான் பிழைக்கிறார்கள்!"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அன்று சாயங்காலமே கார் ரிவர்ஸில் உள்ளே போனது. அம்பலத்தாடிக்குப் பொற்கிழி கிடைத்தது, யானைக்கு ஒரு குலை வாழைப்பழம்.