இரைகிற பெட்டி

குருவுக்கு வயது முப்பத்து நாலு. சீடருக்கு அறுபத்தொன்று.

தூத்துக்குடியில் கடற்கரைச் சாலைக்குப் பின்னால், ஒரு டீக்கடையின் மாடியில் செலஸ்தீனா ஆம்ப்ளிஃபயர் பழுது பார்த்துவந்தாள். கோயில் பாடகர் குழு, கச்சேரிக் குழு, மைக்செட்காரர்கள் எல்லோருடைய பெட்டியும் அவளிடம்தான் வரும். சொர்ணலிங்கம் மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் வீட்டு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்தவர், அவள் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டே மதியம் வரை நின்றுவிட்டார். மறுநாள் டிபன் பாக்ஸோடு வந்து நின்றார்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சரம்மா."

"அண்ணாச்சி, என்னைப் போய் டீச்சரம்மாங்கீங்களே."

"சொல்லிக் குடுக்கிறவங்க டீச்சர்தானே?"

எட்டு மாதமாக அப்படித்தான் கூப்பிடுகிறார்.

ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, டைட்டஸ் மூச்சு வாங்கிக்கொண்டு படியேறி வந்தார். பின்னாலேயே ஆட்டோக்காரர் ஒரு பெரிய பெட்டியைச் சுமந்து வந்தார். டைட்டஸ் பேஸ் கிட்டார் வாசிப்பவர். ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாக அடங்கிய அந்தப் பெட்டி அவருடையது.

"தங்கச்சி, இது மூணாவது தடவை. பாதிப் பாட்டுல லாரி ஸ்டார்ட் ஆன மாதிரி கொர்ர்ருங்குது. போன வாரம் பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்திப் பேசின சாமியாரே திரும்பிப் பார்த்துட்டாரு."

"எப்ப வேணும் அண்ணே?"

"இன்னைக்குச் சாயந்திரம். என் மக கலியாணம்."

செலஸ்தீனா நிமிர்ந்து பார்த்தாள்.

"முப்பது வருஷமா அடுத்தவங்க வீட்டுக் கலியாணத்துக்கு வாசிச்சிருக்கேன். இன்னைக்கு நான் வாசிக்கலன்னா மேடையிலயே ஏறமாட்டேன்னு நிக்கா. வீட்டுல தலைக்கு மேல வேலை. அவ அம்மாவுக்குத் தெரியாம வந்திருக்கேன்."

சொர்ணலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. ஆறு வாரத்துக்கு முன்னால் இதே பெட்டியைப் பழுது பார்த்தது அவர்தான். மின்சாரத்தைத் தேக்கி, இரைச்சல் இல்லாமல் கொடுக்கிற பெரிய கெப்பாசிட்டர் செத்துப்போயிருந்தது. புதிது போட்டார். பெட்டி மறுபடியும் இரைந்து திரும்பி வந்தபோது எல்லாவற்றையும் அளந்து பார்த்து, ஒரு குறையும் இல்லை என்று நோட்டில் எழுதி அனுப்பினார்.

இப்போது முந்திக்கொண்டு பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த ஆம்ப்ளிஃபயரைக் கழற்றி மேசைமேல் மல்லாத்தினார். மீட்டரை வைத்தார்.

"இந்தப் பக்கம் முப்பத்தஞ்சு வோல்ட். அந்தப் பக்கமும் முப்பத்தஞ்சு. டிரான்சிஸ்டர் நாலும் நல்லா இருக்கு."

கடையின் சிறிய ஸ்பீக்கரில் இணைத்து ஒலி கொடுத்துப் பார்த்தார். சுத்தமாக வந்தது.

"பெட்டியில குறையே இல்ல டீச்சரம்மா. மண்டபத்துக் கரண்டுலதான் ஏதோ இருக்கு."

"மூணு மண்டபத்துலயுமா சார்?" என்றார் டைட்டஸ்.

சொர்ணலிங்கம் மீட்டரைக் கீழே வைத்தார். "அளக்கிறதுக்கு இனி இடமே இல்ல. எங்க போய்த் தேட, டீச்சரம்மா?"

செலஸ்தீனா சொன்னாள், "எல்லாத்தையும் பெட்டிக்குள்ள வச்சு மூடுங்க."

"மூடவா? தேடணும்னா திறக்கத்தானே செய்யணும்?"

"மூடுங்க அண்ணாச்சி."

எட்டு திருகாணிகளையும் அவர் மனசில்லாமல் முடுக்கினார். அவள் கீழே எட்டிப் பார்த்து மூன்று டீ சொன்னாள். பிறகு டைட்டஸ் பக்கம் திரும்பினாள்.

"மகளுக்கு என்ன வாசிக்கப் போறீங்க அண்ணே?"

"அவ சின்னப் பிள்ளையா இருக்கப்போ தூங்க வைக்க ஒரு மெட்டு போட்டேன். இப்ப அதையே ஆடுற மாதிரி மாத்தி வச்சிருக்கோம்."

"வாசிங்க. மண்டபத்துல வைக்கிற சத்தத்துல."

டைட்டஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு வாசித்தார். செலஸ்தீனா ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தாள். தலை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. ஒரு கருவியையும் அவள் தொடவில்லை. சொர்ணலிங்கம் கையில் மீட்டரோடு நின்றார். அதை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.

"டீச்சரம்மா, மணி பதினொண்ணு ஆகப்போகுது."

"ம்."

பாட்டு சூடு பிடித்தது. தரை அதிர்ந்தது. மேசைமேல் டப்பாவில் கிடந்த திருகாணிகள் குதித்தன. கீழே டீக்கடையில் யாரோ கை தட்டினார்கள். டைட்டஸ் கடைசித் தந்தியை அழுத்தி இழுத்தார்.

கொர்ர்ர்.

"வந்துட்டு!" என்றார் டைட்டஸ், ஏதோ விருந்தாளியைக் கண்டவர்போல.

"நிறுத்தாதீங்க, வாசிச்சுக்கிட்டே இருங்க" என்றாள் செலஸ்தீனா. பெட்டியின் பின்பலகையை மட்டும் கழற்றிவிட்டு, காய்ந்த மூங்கில் குச்சியால் உள்ளே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனாள். பெரிய கெப்பாசிட்டரின் தலையில் குச்சியை அழுத்தியதும் இரைச்சல் நின்றது. எடுத்தாள். இரைந்தது.

மின்சாரத்தை அணைத்து, தேங்கியதெல்லாம் வடியும்வரை காத்திருந்து, உள்ளே இருந்த சர்க்யூட் பலகையைக் கழற்றித் திருப்பினார்கள். கெப்பாசிட்டரின் ஒரு கம்பிக் காலைச் சுற்றி, பற்றவைத்த ஈயம் முத்துமாதிரி உருண்டு பளபளவென்று நின்றது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், காலுக்கும் ஈயத்துக்கும் நடுவே மயிரிழை அளவில் ஒரு வட்டம். ஒட்டவே இல்லை. மேசையில் சும்மா கிடக்கும்போது இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும். பெட்டி அதிர்ந்தால் விலகும்.

அந்த முத்தைச் சொர்ணலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். வைத்த அன்று அதைப் போட்டோ எடுத்து, ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருந்தார். பதினொரு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

டைட்டஸ் குனிந்து பார்த்தார். "யாரு வச்ச ஈயம் இது?"

"நம்ம கடையில வச்சதுதான் அண்ணே" என்றாள் செலஸ்தீனா.

சொர்ணலிங்கம் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார்.

"நான் வச்சது, டைட்டஸ்."

டைட்டஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அட விடுங்க சார். முப்பது வருஷமா நானும்தான் தப்புத் தப்பா வாசிக்கேன். பேஸ்தானே, ஒருத்தருக்கும் தெரியல. உங்களது மாட்டிக்கிட்டு, அவ்வளவுதான்."

செலஸ்தீனா சால்டரிங் அயர்னை எடுத்துச் சீடரிடம் நீட்டினாள்.

"நீங்களே வைங்க டீச்சரம்மா. கலியாண வீடு."

"கையை இங்க கொண்டாங்க." அயர்னை அவர் விரல்களுக்குள் வைத்தாள். "போன தடவை கெப்பாசிட்டருக்குச் சுடுமேன்னு சீக்கிரம் எடுத்துட்டீங்க. காலும் சுடணும் அண்ணாச்சி."

அவர் பழைய ஈயத்தை எடுத்தார். காலைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினார். ஈயம் ஒட்டுவதற்கான பேஸ்ட் தடவி, அயர்னை வைத்து, எடுக்கச் சொன்ன மனதை அடக்கிக்கொண்டு காத்திருந்தார். ஈயம் இளகி, எண்ணெய் பரவுவதுபோல் காலைக் கவ்விக்கொண்டது. முத்து இல்லை. தட்டையாக இருந்தது.

"போட்டோ எடுக்கலையா?" என்றாள் செலஸ்தீனா.

"உங்களுக்கு யாரு சொன்னா?"

"அந்தப் பதினொரு பேர்ல ஒருத்தர் எங்க மாமா."

டைட்டஸ் பாட்டை முழுக்க இரண்டு தரம் வாசித்தார். இரையவில்லை. அதற்குள் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. காதில் வைக்கும் முன்பே பெண்டாட்டியின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. மனிதர் ஒரு கையில் கிட்டாரும் ஒரு கையில் செருப்புமாகப் படியிறங்கி ஓடினார்.

சாயந்திரம் சொர்ணலிங்கம் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போய்விட்டார். பையில் அயர்ன், ஈயம், மீட்டர், இன்னொரு கெப்பாசிட்டர். மேடையின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் பெட்டிக்கு முதுகுப்பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். யார் கூப்பிட்டும் சாப்பிடப் போகவில்லை. யாரோ கொடுத்த ஐஸ்கிரீம் கையிலேயே உருகியது. பெட்டியின் சிவப்பு விளக்கைப் பார்த்தபடி, கொர்ருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

கச்சேரி நடந்தது. மண்டபம் அதிர்ந்தது. நடுவில் ஒரு பாட்டுக்குக் கூட்டம் விசிலடித்தது.

எட்டு மணிவாக்கில், இடைவேளையில், நீலப் பட்டுச்சேலையும் கையில் பிரியாணித் தட்டுமாகச் செலஸ்தீனா வந்தாள். தட்டை அவர் மடியில் வைத்தாள். சொர்ணலிங்கத்துக்குப் பூரிப்பு தாங்கவில்லை.

"ஒண்ணரை மணி நேரம், டீச்சரம்மா. ஒரு தடவை கூட இரையல. இப்பச் சொல்லுங்க, எனக்கு வேலை வந்துட்டா?"

"மகளுக்கு வாசிச்சாரே, அந்தப் பாட்டு எப்படி இருந்துச்சு அண்ணாச்சி?"

சொர்ணலிங்கம் வாயைத் திறந்தார். பெட்டியைப் பார்த்தார். அதை எப்போது வாசித்தார்கள் என்று யோசித்தார். மணப்பெண் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அப்பாவின் பக்கத்தில் நின்று ஆடினாளாம். அவருக்கு நாலு அடி தூரத்தில்.

செலஸ்தீனா அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்து, அவரோடு சேர்த்தே மேடைப்பக்கம் திருப்பினாள்.

"சாப்பிடுங்க. இன்னும் ரெண்டு பாட்டு பாக்கி இருக்காம்."